எலி வளைக்குள் நிலக்கரி

கேள்வி: உத்தரகாசியில் சுரங்கப்பாதைக்குள் மாட்டிக்கொண்ட 41 பேரை மீட்டவர்கள் 'எலி வளை' தொழிலாளர்கள் என்று நாடே கொண்டாடியது. அந்த முறையே தடை செய்யப்பட்டதாமே? தடை போட்ட வேலைக்கு எதற்குப் பாராட்டு?
- வடலூர் வாசகர்

பதில்: பாராட்டியதில் தப்பே இல்லை. 2023 நவம்பரில் அந்தச் சில்க்யாரா சுரங்கப்பாதையில் துளை போடும் இயந்திரம் உடைந்து நின்றதும், மிச்சமிருந்த சில மீட்டரைக் கையாலேயே குடைந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கும் நிலக்கரிக்கும் சம்பந்தமில்லை, சாலைக்கு அடியில் குழாய் பதிக்கிறவர்கள். தடை இருப்பது மேகாலயாவின் நிலக்கரிக் குழிகளுக்கு. 2014 ஏப்ரலில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்டது.

நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரர் நீங்கள், பெரிய சக்கர இயந்திரம் மேல்மண்ணை வாரி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். மேகாலயாவின் ஜைந்தியா மலையில் அது கட்டுப்படியாகாது. அங்கே கரிப் படிவம் மெலிசு, சில இடங்களில் ஒரு அடிதான், தடிமனான இடத்திலும் சுமார் இரண்டு மீட்டர்தான். அதனால் மலைச்சரிவில் பக்கவாட்டில் குடைவார்கள், இல்லையென்றால் கிணறு மாதிரி 100 அடியிலிருந்து 400 அடி வரை செங்குத்தாகத் தோண்டி, அடியில் போய் நாலா பக்கமும் படிவம் போகிற போக்கில் வளை வெட்டுவார்கள். கரி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் வளையும், அதனால்தான் 'எலி வளை'. நிற்க முடியாது, குந்தியோ ஒருக்களித்துப் படுத்தோ, தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கூந்தாலியால் கொத்தி, சின்னத் தள்ளுவண்டியில் நிரப்பி, குனிந்தபடியே வளையின் வாய் வரைக்கும் இழுத்து வர வேண்டும். கூலியும் வண்டிக் கணக்கில்தான், அப்படியிருக்க கூரைக்கு முட்டுக் கொடுக்க யார் நேரம் ஒதுக்குவார்கள்?

கேள்வி: தடை வந்து இத்தனை வருஷமாகியும் விபத்துச் செய்தி நிற்கவில்லையே, யார் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்?
- திண்டுக்கல் வாசகி

பதில்: பார்க்க வேண்டிய எல்லோரும்தான். அங்கே நிலம் பழங்குடிகளின் சொந்தம், அடியில் இருக்கும் கரியும் அவர்களுடையதே. அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப்படி பழங்குடிகளுக்குத் தன்னாட்சி தந்த பகுதி என்பதால், நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கிய 1973-ன் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று வெகுகாலம் ஓட்டினார்கள். குத்தகை வாங்கி முறையாகத் தோண்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நடுவில் இன்னொரு கூத்து: தடைக்கு முன்பே வெட்டிக் குவித்த கரியை மட்டும் கொண்டுபோகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள், அந்தப் பழைய குவியல் அமுதசுரபி மாதிரி வருஷக்கணக்கில் தீரவே இல்லை! அதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா?

இடையில் போவது கூலிக்காரன் உயிர். 2018 டிசம்பர் 13 அன்று ஜைந்தியா மலையின் க்சான் என்ற இடத்தில் குழிக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். பக்கத்தில் லிட்டெயின் ஆறு, சுற்றிலும் நீர் நிறைந்த பழைய குழிகள். கடற்படை முக்குளிப்பவர்கள் வந்தும், ராட்சத பம்புகள் இறைத்தும் கடைசியில் கிடைத்தவை இரண்டு உடல்கள். 2025 ஜனவரியில் அஸ்ஸாமின் உம்ராங்சோவிலும் இதே கதை, தண்ணீருக்குள் 9 பேர்.

கேள்வி: மேகாலயாவில் ஓர் ஆறு நீல நிறமாகிவிடுமாமே, ரசாயனமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: லூகா ஆறு. குளிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் நீலம், படம் எடுக்க நன்றாக இருக்கும், மீன்தான் இருக்காது. அந்தக் கரியில் கந்தகம் அதிகம். குழியில் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி ஓடைக்கு வந்துவிடுகிறது (சிமென்ட் ஆலைகளையும் கை காட்டுகிறார்கள்). மேகாலயாவிலிருந்து அஸ்ஸாமுக்குப் பாயும் கோபிலி ஆற்றில் இந்த அமிலம் நீர்மின் நிலையத்தின் இரும்பையே அரித்திருக்கிறது. 2014-ல் தீர்ப்பாயத்துக்குப் போனவர்களும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து, அஸ்ஸாமின் திமாசா பழங்குடி மாணவர் சங்கத்தினர்தான். குழியைத் தோண்டியவன் மேலே, அமிலத்தைக் குடித்தவன் கீழே, வழக்கு வேறு யார் போடுவார்கள்?