‘தலைபோன கவலையில் மீன் பிடிக்கும் கருவி (2)’: தூண்டில் ஏன் பொருந்தவில்லை?

இது குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பு; (2) என்பது விடையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை. நீங்கள் ‘தூண்டில்’ என்று போட்டீர்கள்; விடை: வலை. ‘கவலை’யின் முதல் எழுத்தான ‘க’ போனால் மீதி அதுதான். ‘மீன் பிடிக்கும் கருவி’ என்பது நேர்ப்பொருள், அதாவது விடையின் பொருளை நேராகச் சொல்லும் பகுதி.

நீங்கள் நேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். ‘தூண்டில்’ அதற்குச் சரி, ஆனால் புள்ளி எழுத்தையும் சேர்த்து நான்கு எழுத்து. ‘லை’ ஒரே எழுத்து, அதனால் ‘வலை’ இரண்டுதான். கவலைக்கும் மீனவருக்கும் முடிச்சுப் போடும் அந்த மேலோட்டக் கதையை மறந்துவிடுங்கள். அழகான குறிப்பு, அதனால்தான் ஏமாற்றுகிறது!

இதைப் போட்டுப் பாருங்கள்: ‘தலையிழந்த குதிரை கடலில் எழும் (2)’. திரை (அலை) வந்ததா?

ஒரு எச்சரிக்கை: ‘கவலையின் தலை’ என்று வந்தால் ‘க’வை நீக்கக் கூடாது, அதை மட்டும் எடுக்க வேண்டும்.