கூரையை விடு, வேலையைக் கேள்

தம்பி, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வருகிறாய். கோட்டைப் பகுதியில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வெள்ளவத்தையில் பார்த்துவைத்த அனெக்ஸுக்கு, அதாவது வீட்டோடு ஒட்டிய வாடகைப் பகுதிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதில் குடியிருந்தால் புற்றுநோய் வருமா என்று கேட்டிருக்கிறாய்.

அனெக்ஸைத் தாராளமாக எடுத்துக்கொள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தெருவைத் தேடினால் களுத்துறைவரை நடக்க வேண்டும். அங்கும் அதே கூரைதான். சீட்டில் பெரும்பகுதி சிமெண்ட், மூச்சில் போனால் கெடுதல் செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் நார் அதற்குள் இறுகிக் கிடக்கிறது. உடைக்காமல், துளைக்காமல், பாசியைச் சுரண்டாமல் இருந்தால் போதும். ஏப்ரல் வெக்கைதான் உன்னை வாட்டும்.

ஆனால் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! ஆபத்து கூரைக்குக் கீழே தூங்குகிறவனைவிட அதைக் கிரைண்டரால் அறுக்கிறவனுக்குத்தான். நான் இங்கே கட்டடப் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில், பழைய சீட்டுகளை மாடியிலிருந்து வீசி உடைத்து, தூளை விளக்குமாற்றால் கூட்டுவார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான். சீட்டாவது பரவாயில்லை, பழைய பாய்லர், நீராவிக் குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் வெப்ப உறை கையால் பிசைந்தாலே உதிரும். கப்பல் பழுதுபார்ப்பவர்கள், பழைய பிரேக் லைனிங் தேய்க்கும் மெக்கானிக்குகள், சுவரைத் துளைக்கும் எலக்ட்ரீஷியன்கள், வேலை உடுப்பை வீட்டில் துவைத்த மனைவிமார் என்று நோயாளிகளின் பட்டியல் உலகெங்கும் நீள்கிறது.

நுரையீரல், குரல்வளை, சூல்பை ஆகியவற்றில் புற்றுநோய். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். இவை தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். 'முப்பது வருஷமாக அறுக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கும் மேசனிடம் வாதாடாதே. நீ சிகரெட் பிடிப்பவனா? மருத்துவர் செலிகாஃபின் குழு அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளரை ஆராய்ந்து 1979இல் சொன்ன கணக்கு இது: ஆஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் படாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடிப்பவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல்.

சட்டம் காப்பாற்றும் என்று இராதே. நீல ஆஸ்பெஸ்டாஸ் இங்கே 1987இலேயே தடை. கூரைச் சீட்டில் சேர்க்கும் வெள்ளை வகையையும் 2018 முதல் கட்டுப்படுத்தப் போவதாக அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, பெட்டியில் வண்டு இருந்ததென்று இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அந்த நாரை அனுப்புவதும் ரஷ்யாதான். அரசு பின்வாங்கியது. தேயிலை விற்றாக வேண்டிய நாடு வேறென்ன செய்யும் என்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. நம் ஊரும் யோக்கியமில்லை. இந்தியாவிலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் சீட் விற்பனையில்தான் இருக்கிறது.

கையெழுத்திடும் முன் கம்பெனியிடம் கேள்: இடிக்குமுன் ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறதென்று பார்ப்பீர்களா? நனைத்து, ஆணி கழற்றி, சீட்டை முழுசாக இறக்குவீர்களா? மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி தருவீர்களா? மருந்துக்கடை மாஸ்க் இந்த நாருக்கு உதவாது. வேலை உடுப்பைத் தளத்திலேயே மாற்ற இடம் உண்டா? உன் ஆட்களுக்கும் சேர்த்தே கேள். தூளுக்குள் நிற்பவர்கள் அவர்கள்தான்.

சிரித்து மழுப்பினால் வேறு கம்பெனி பார். ஆனால் இங்கே வந்த பிறகு மாறுவது சுலபமில்லை. உன் விசா அழைத்த கம்பெனியின் பெயரில்தான் இருக்கும். ஆகவே இதையெல்லாம் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசிவிடு.