மெயின்சேல் பாதியிலேயே நின்றுவிடுகிறதா?

26 அடிப் பாய்மரப் படகில் மெயின்சேல் (முக்கியப் பாய்) பாதி வரை லேசாக ஏறுகிறது, அப்புறம் வின்ச் (கயிற்றை இழுக்கும் சுழல் உருளை) போட்டுச் சுற்றினாலும் நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த வின்ச் கைப்பிடியைக் கழற்றி வையுங்கள். கையால் இழுத்தால் எந்த இடத்தில் இறுகுகிறது என்பது தெரியும். வின்ச்சில் அது தெரியாது, பாய்தான் கிழியும்.

காற்றுக்கு நேர் எதிராகப் படகு நின்றதா? கொஞ்சம் விலகினாலும் பாயில் காற்று பிடித்து, அதன் ஓரத்தில் உள்ள ஸ்லைடுகள் (தடத்தில் வழுக்கிச் செல்லும் துண்டுகள்) மாஸ்டில், அதாவது பாய்மரத்தில், உள்ள தடத்தோடு அழுந்திக்கொள்ளும். பாயை உள்ளிழுக்கும் மெயின் ஷீட் கயிறும், பாயின் அடிக்கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் ‘வாங்’ கயிறும் தளர்ந்திருக்க வேண்டும். பாயைச் சிறிதாக்கும் ரீஃப் கயிறு கிளட்சில் (கயிற்றைப் பூட்டும் பிடியில்) பூட்டியே கிடந்தாலும் பாய் பாதியில்தான் நிற்கும். அண்ணாந்தும் பாருங்கள், பாயின் குச்சி ஏதாவது லேஸி ஜாக்கில் (இறங்கும் பாயைத் தாங்கும் பக்கக் கயிறுகளில்) மாட்டியிருக்கலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், காற்றில்லாத காலையில் துறையிலேயே ஒரு சோதனை. ஹேலியார்டை (பாயை ஏற்றும் கயிற்றை) பாயிலிருந்து கழற்றி, அந்த முனையில் மாஸ்ட் உயரத்தைவிட நீளமான மெல்லிய கயிறு ஒன்றை உறுதியாகக் கட்டுங்கள். அது இல்லாமல் மேலே அனுப்பினால் இறக்க ஆள் மாஸ்டில் ஏற வேண்டிவரும். இப்போது ஹேலியார்டை மட்டும் ஏற்றி இறக்குங்கள். தடையில்லாமல் ஓடினால் கோளாறு தடத்திலோ ஸ்லைடிலோ. அதுவே இறுக்கமாக இருந்தால், மாஸ்ட் உச்சிக் கப்பி, கீழே கயிறு திரும்பும் கப்பிகள், கிளட்ச், மாஸ்டுக்குள் வேறு கயிற்றோடு முறுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் நான் வாங்கிய பழைய படகில் ஹேலியார்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் பாய் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் நின்றது. பாய் ஏற ஏற இழுப்பது கடினமாகிக்கொண்டே போனால் தடம் முழுக்க உப்பும் அழுக்கும் என்று நினைக்கலாம். ஒரே உயரத்தில் நின்றால் ஒரு குறிப்பிட்ட ஸ்லைடையோ தடத்தின் அந்த இடத்தையோ சந்தேகிக்க வேண்டும். பாயை இறக்கி ஸ்லைடுகளை விரலால் தடவிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் ஸ்லைடு ஒன்று விரிசல் விட்டு விரிந்திருந்தது. மற்றவையும் அதே வயதுதானே என்று எல்லாவற்றையும் மாற்றினேன்.

தடத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, உலர்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பாயிலும் கறை படியும்.