அமெச்சூர்னா கத்துக்குட்டி இல்ல

வணக்கம் சார்,
போன வாரம் ஜான் சோமர்ஸ்-ஸ்மித் பத்தி எழுதும்போது "அமெச்சூர் துடுப்பு வீரர்"னு போட்டிருந்தீங்க. 1908 ஒலிம்பிக்ல தங்கம் வாங்குனவர எப்படி அமெச்சூர்னு சொல்றது? படகு வலிச்சிட்டு இருந்தவர் ஆர்மில கேப்டன் ஆனது எப்படி?
- ஒரு வாசகர்

நண்பருக்கு,

நம்மூர்ல அமெச்சூர்னாலே கத்துக்குட்டின்னுதான் எடுத்துக்கறோம், தப்பு உங்க மேல இல்ல. அந்தக்கால இங்கிலாந்துல அது கிட்டத்தட்ட ஒரு சாதி. காசுக்கு ஓட்டாதவன்னு மட்டும் சொல்லியிருந்தா பரவால்ல, இங்கிலாந்தோட பேர்போன படகுப் போட்டியான ஹென்லிய நடத்துறவங்க 1879லயே கைத்தொழில்காரன், கூலிக்காரன் எவனும் அமெச்சூர் கிடையாதுன்னு விதி போட்டுட்டாங்க. 1920ல அமெரிக்காவுலேர்ந்து வர இருந்த ஜான் கெல்லிக்கு இடமில்லன்னுட்டாங்க, அவர் செங்கல் வேலை பார்த்தவர்ங்கறதும் ஒரு காரணம். அதே வருஷம் அவர் ஒலிம்பிக்ல தங்கம் அடிச்சாரு, அது வேற கதை.

சோமர்ஸ்-ஸ்மித் பெரிய வீட்டுப் பசங்க படிக்கற ஈட்டன் ஸ்கூல்ல படிச்சு ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் காலேஜுக்குப் போனவர். ஆபீசர்ங்களையும் அன்னைக்கு பெரும்பாலும் இதே வாசல்லதான் எடுத்தாங்க, உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் அவ்ளோதான்.

அந்த ஒலிம்பிக் படகு நாலு பேர் வலிக்கறது, காக்ஸ், அதாவது உக்காந்து திசை காட்டற ஆள், கிடையாது. எல்லாரும் போற திசைக்கு முதுகு காட்டித்தான் உக்காரணும். இவரு ஸ்ட்ரோக், அதாவது கடைசி சீட்டு, கண்ணு முன்னாடி ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, பின்னாடி இருக்கற மூணு பேரும் இவர் முதுகு அசையறத வெச்சுத்தான் துடுப்பு போடணும். இவர் வேகத்தக் கூட்டுனா படகே கூடும்.

1916 ஜூலை 1, முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல நடந்த சோம் போரோட முதல் நாள். இவர் இருந்த லண்டன் ரைஃபிள் பிரிகேடுங்கற படைக்கு கொம்கூர்ங்கற ஊர்ல வேலை, ஜெர்மன்காரன் கவனத்த அந்தப் பக்கம் இழுக்கணும், அதனால ஆயத்தங்கள மறைக்கவே இல்ல, எதிரிக்குத் தெரியட்டும்னே விட்டாங்க (இத எப்பப் படிச்சாலும் எனக்கு எரிச்சலா வரும்). ஜெர்மன்காரனோட முதல் ட்ரெஞ்ச (பதுங்கு குழிய) புடிச்சிட்டாங்க, ஆனா பின்னாடி விழுந்த குண்டுல ஆளும் வரல, வெடிமருந்தும் வரல. சோமர்ஸ்-ஸ்மித் அன்னைக்கு அங்கயே செத்துட்டாரு, 28 வயசு அவருக்கு. உடம்பு கெடைக்கல, தியப்வால் நினைவுச்சின்னத்துல பேர் இருக்கு. இவர் கூடப் பொறந்த ரிச்சர்ட் அதுக்கு முந்தின வருஷமே செத்துட்டாரு.

படகுல இவருக்கு நேர் பின்னாடி உக்காந்து இந்த முதுகையே பார்த்துட்டு வலிச்ச டங்கன் மெக்கினன் 1917 அக்டோபர்ல பெல்ஜியத்துல பாஷன்டேல் போர்ல செத்துட்டாரு. அவருக்கும் பின்னாடி இருந்த கில்லன் 1912ல இன்னொரு தங்கம் வாங்கி, 1981 வரைக்கும் உயிரோட இருந்தாரு.