அம்மாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் அல்சைமர், ஆரம்ப நிலை என்று சொல்லி டாக்டர் டோனெபெசில் மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை மட்டும் போதாது, மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று பெங்களூரில் இருக்கும் என் தம்பி ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பி, தினமும் ஒரு மணி நேரம் கணக்கு, படம் பொருத்துவது என்று விளையாட வைக்கச் சொல்கிறான். போன வாரம் ஒரு சின்னக் கூட்டல் தப்பாகப் போய் அம்மா அழுதுவிட்டார். இங்கே ஒரு சென்டரில் 'நினைவாற்றல் பயிற்சி' என்று மூன்று மாதத்துக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். மருந்து இல்லாத சிகிச்சை என்று நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் வியாபாரமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் இப்போது நடப்பது அது இல்லை. வாழ்நாள் முழுக்கக் காசு எண்ணிய ஒருவரை உட்கார வைத்து, கூட்டல் தப்பு என்று திரையில் சிவப்பாகக் காட்டினால் அழாமல் என்ன செய்வார்? அந்த விளையாட்டை இன்றோடு நிறுத்துங்கள். டேப்லெட் இருக்கட்டும், தம்பி வீடியோ காலில் வர உதவும்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளின் சிக்கல் இதுதான்: ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் கொஞ்சம் தேறலாம், ஆனால் அந்தத் தேர்ச்சி, மாத்திரை போட்டாச்சா, சாவி எங்கே என்பது வரைக்கும் வந்து சேருவதில்லை. எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) வழிகாட்டுதல், ஆரம்ப, நடுத்தர நிலை அல்சைமருக்கு இந்த மாதிரிப் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அமெரிக்காவில் லூமாசிட்டி என்ற மூளை விளையாட்டு நிறுவனம், வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற ரீதியில் விளம்பரம் செய்துவிட்டு, ஆதாரம் காட்ட முடியாமல் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டியது.

அதே நைஸ் வழிகாட்டுதல் கொடுக்கச் சொல்வது 'காக்னிடிவ் ஸ்டிமுலேஷன் தெரபி', சுருக்கமாக சி.எஸ்.டி. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், வித்தியாசம் பெரிது. சி.எஸ்.டி. என்பது ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் நடத்த, வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு முக்கால் மணி நேரம், ஏழு வாரம், ஆக 14 அமர்வுகள். ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் சின்ன வயசு, ஒரு நாள் அன்றைய செய்தி, ஒரு நாள் காசு பணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. லண்டனில் எய்மி ஸ்பெக்டர் குழுவினர் 201 பேரிடம் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். நினைவு, சிந்தனை, வாழ்க்கைத் தரம் எல்லாம் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. டிமென்ஷியா மருந்துகளின் ஆய்வு முடிவுகளோடு தைரியமாகப் பக்கத்தில் வைக்கக்கூடிய அளவு. 'கொஞ்சம்' என்பதைக் கவனியுங்கள். நோய் நிற்காது, திரும்பியும் போகாது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இதை நம் ஊருக்கும் தமிழுக்கும் ஏற்ற மாதிரி மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறது, அதனால் இது வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: விடை கேட்கமாட்டார்கள், அபிப்பிராயம் கேட்பார்கள். "நேத்து யாரும்மா வந்தாங்க?" என்பது பரீட்சை. "இந்த ரெண்டு புடவையில எது நல்லா இருக்கு, இந்த வெயிலுக்கு எதைக் கட்டலாம்?" என்பதில் தப்பான விடையே கிடையாது, ஆனால் பதில் சொல்ல அவர் பார்க்க வேண்டும், ஒப்பிட வேண்டும், வார்த்தையைத் தேடி எடுக்க வேண்டும். மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று தம்பி சொல்வது சரிதான், அந்த வேலை இப்படிப்பட்டதாக இருக்கட்டும். நம் வீடுகளில் உறவினர் வந்தாலே "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார்கள், பாசத்தில்தான், ஆனால் அதைவிடக் கொடுமையான கேள்வி இல்லை. வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லி வையுங்கள், உள்ளே வந்ததும் "அத்தே, நான் உங்க அண்ணன் மகன் வந்திருக்கேன்" என்று அவர்களே சொல்லிவிடட்டும்.

உங்கள் அம்மா கேஷியர் என்பதால் காசிலிருந்தே தொடங்கலாம். பழைய நாணயங்கள் நாலைந்து தேடி எடுங்கள், பூ மாதிரி விளிம்பு வளைந்த பத்து பைசா, ஆறு மூலை மூன்று பைசா, சதுரமான அஞ்சு பைசா. கையில் கொடுத்துவிட்டு, இதுக்கெல்லாம் அப்போ என்னம்மா கிடைக்கும் என்று பேச்சை எடுத்துவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். கடலை மிட்டாயில் ஆரம்பித்துப் பள்ளிக்கூட வாசல் வரை போனாலும் போகும். பழைய நினைவுகள்தான் கடைசியில் கழன்று போகிறவை. அப்புறம் ஒரு கட்டு பத்து ரூபாய் நோட்டு கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்; கைப்பழக்கத்தில் ஊறிப்போன வேலை ஆரம்ப நிலையில் பெரும்பாலும் தங்கியிருக்கும், அந்த விரல் வேகத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இதே சி.எஸ்.டி. முறையைக் குடும்பத்தாரே வீட்டில் செய்தால் என்ன ஆகும் என்று இங்கிலாந்தில் பார்த்தார்கள், 2015-ல் முடிவு வந்தது. குழுவில் கிடைத்த நினைவு முன்னேற்றம் வீட்டில் கிடைக்கவில்லை. ஆனால் நோயாளிகள் தங்களைப் பார்த்துக்கொள்கிறவரோடு உறவு மேம்பட்டதாகச் சொன்னார்கள். அதனால் வீட்டில் செய்வதை மதிப்பெண்ணுக்காகச் செய்யாதீர்கள், முடிந்தால் நாலு பேர் இருக்கும் இடத்துக்கும் அழைத்துப் போங்கள்.

சரி, அன்றாடம் தொல்லை தரும் ஒரு குறிப்பிட்ட மறதிக்கு என்ன வழி? இடைவெளி விட்டுக் கேட்கும் ஒரு முறை இருக்கிறது, எளிமையானது, காசு செலவில்லை. கண்ணாடி எங்கே என்று நாளைக்கு இருபது தடவை கேட்கிறார் என்று வையுங்கள். முதலில் அதற்கு ஒரே ஒரு இடம் முடிவு செய்யுங்கள். "கண்ணாடி டி.வி. பக்கத்து நீல டப்பாவில இருக்கும்" என்று நீங்கள் சொல்லி, உடனே "கண்ணாடி எங்கேம்மா?" என்று கேளுங்கள். சொல்வார், போய் எடுக்கவும் சொல்லுங்கள். 15 விநாடி கழித்து மறுபடி அதே கேள்வி. பிறகு 30 விநாடி, ஒரு நிமிடம், இரண்டு, நாலு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், நடுவில் வெங்காயம் உரித்துக்கொண்டே வேறு பேசலாம். தடுமாறினால் யோசிக்க விட்டு வதைக்காதீர்கள், சரியான பதிலை உடனே சொல்லி, அவர் வாயால் ஒருமுறை சொல்ல வைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். இது பரீட்சை ஆகாதா என்றால், தப்பு வருவதற்கு முன்பே விடையைக் கையில் கொடுத்துவிடுகிறோம், அதுதான் சூட்சுமம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு விஷயம். அது படிந்த பிறகுதான் அடுத்தது.

கிழமை குழம்பினால் தினசரி காலண்டரை அம்மாவே கிழிக்கட்டும், நல்ல வேலை. ஆனால் கிழித்தது மறந்து ஒரே நாளில் நாலு தாள் போய் வெள்ளிக்கிழமை வந்துவிடும் கட்டம் ஒன்று வரும், அப்போது தேதியும் கிழமையும் பெரிதாகக் காட்டும் டிஜிட்டல் கடிகாரத்துக்கு மாறுங்கள்.

பாட்டு கேட்கட்டும், கூடப் பாடட்டும். மனச்சோர்வுக்கு நல்லது, நினைவுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. நடைப்பயிற்சியும் அப்படித்தான்: கடுமையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில் உடல் தேறியது, நினைவு தேறவில்லை. தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் ஆகும் என்பதற்காக நடக்கட்டும்.

அந்த சென்டர் விஷயம். போய் மூன்று கேள்வி கேளுங்கள்: குழுவாகவா தனியாகவா, நடத்துகிறவர் என்ன படித்தவர், ஒரு அமர்வை நான் உட்கார்ந்து பார்க்கலாமா? கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார வைப்பார்கள் என்றாலோ, குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுத்தாலோ, எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் அருகில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இவை எதற்காகவும் டோனெபெசிலை நீங்களாக நிறுத்த வேண்டாம். காது, கண் பரிசோதனை செய்து ரொம்ப நாளாகியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். சரியாகக் கேட்காதவரிடம் எந்த தெரபியும் எடுபடாது. தைராய்டும் பி12-ம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டே நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் அது அல்சைமர் முற்றியதாக இருக்காது, பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையோதான். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.