கால்குலேட்டர் இல்லாமல் காரணிப்படுத்தல்: கேள்வி பதில்

(மாறியை 'ய' என்று எழுதுகிறேன்.)

கேள்வி: 2ய³ − 3ய² − 11ய + 6. எந்த எண்ணைப் போட்டுப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

பதில்: குருட்டாம்போக்கில் போட வேண்டாம். கெழுக்கள் (ய-யின் படிகளைப் பெருக்கும் எண்கள்) முழு எண்கள் என்பதால், முழு எண்ணாக ஒரு மூலம் (கோவையைப் பூச்சியமாக்கும் மதிப்பு) இருந்தால் அது மாறிலி 6-ஐ வகுத்தே தீர வேண்டும். ±1, ±2, ±3, ±6, அவ்வளவுதான். ய = 1 என்றால் கெழுக்களின் கூட்டல், −6. ய = −1 என்றால் 12. இரண்டும் பூச்சியமில்லை, ஆனாலும் அந்த உழைப்பு வீணில்லை. 'அ' ஒரு முழு எண் மூலமானால் அ − 1 என்பது 6-ஐயும், அ + 1 என்பது 12-ஐயும் மீதியின்றி வகுக்கும். 6 எடுத்தால் 5, −6 எடுத்தால் −7, −3 எடுத்தால் −4. எதுவும் 6-ஐ வகுக்காது, மூன்றையும் அடித்துவிடுங்கள். மிச்சம் 2, −2, 3. இதில் −2 போட்டால் −16 − 12 + 22 + 6 = 0. ஆக (ய + 2) காரணி. தொகுமுறை வகுத்தலில் (கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் முறை) ஈவு 2ய² − 7ய + 3, அதாவது (2ய − 1)(ய − 3). முழு எண் எதுவுமே சிக்காவிட்டால் பின்னங்கள்: தொகுதி மாறிலியை வகுக்கும், பகுதி முதல் கெழுவை வகுக்கும்.

கேள்வி: 6ய² + 9ய − 15. பெருக்கினால் −90, கூட்டினால் 9 வரும் எண்களைத் தேடி அலுத்துவிட்டது.

பதில்: முதலில் பொதுக் காரணியை வெளியே எடுங்கள். 3(2ய² + 3ய − 5). இப்போது −10, 3 போதும். எண்கள் 5, −2. விடை 3(2ய + 5)(ய − 1).

கேள்வி: 4ய³ − 36ய?

பதில்: பொதுக் காரணி! 4ய(ய − 3)(ய + 3).

கேள்வி: ய² + 5ய + 7?

பதில்: தன்மைகாட்டி (மூலங்கள் மெய்யெண்களா என்று காட்டுவது) 5² − 4 × 1 × 7 = 25 − 28 = −3, குறை எண். மெய்யெண்களில் பிரியாது.

கேள்வி: அப்படியானால் ய⁴ + 4-ம் பிரியாதுதானே? அதற்கும் மெய் மூலம் இல்லையே.

பதில்: பிரியும். 4ய²-ஐக் கூட்டிக் கழியுங்கள்: (ய² + 2)² − (2ய)² = (ய² + 2ய + 2)(ய² − 2ய + 2). மூலம் இல்லையென்றால் ஒருபடிக் காரணி இல்லை, அவ்வளவே பொருள். இரண்டாம், மூன்றாம் படிகளில் அதை வைத்தே முடிவு சொல்லலாம். நான்காம் படியிலிருந்து சொல்ல முடியாது.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். ய⁴ + 1-ல் இதையே செய்தால் √2 வருகிறது. அதெல்லாம் காரணியா?

பதில்: எந்த எண்களுக்குள் பிரிக்கிறோம் என்று சொல்லாமல் இந்த வாதம் முடியாது. முழு எண் கெழுக்கள்தான் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வது சரி, அது பிரியாது. மெய்யெண்கள் போதுமென்றால் (ய² + √2ய + 1)(ய² − √2ய + 1) முறையான விடை. கணித மேதை லைப்னிட்ஸே 1702-ல் இந்த வடிவம் மெய்யெண்களில் பிரியாது என்று எண்ணியவர். உண்மையில், மெய்யெண் கெழு கொண்ட எந்தக் கோவையும் ஒருபடி, இருபடிக் காரணிகளாக உடைந்துவிடும்.

கேள்வி: 10ய² − 40?

பதில்: பொதுக் காரணி. மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் படிக்குச் சூத்திரம் உண்டா?

பதில்: நான்கு அடிப்படைச் செயல்களும் மூலக்குறியும் மட்டும் கொண்ட பொதுச் சூத்திரம் இல்லை. நார்வே கணிதவியலாளர் ஏபெல் 1824-ல் நிறுவினார். அதற்காக ஐந்தாம் படியைக் கண்டதும் கைவிடாதீர்கள். ய⁵ + ய + 1-ல் ய²-ஐக் கழித்துக் கூட்டினால் ய²(ய³ − 1) + (ய² + ய + 1). இரண்டிலும் ய² + ய + 1 இருக்கிறது. விடை (ய² + ய + 1)(ய³ − ய² + 1).