காமிக்ஸ் வரையப் போகும் பிள்ளைக்கு ஜாக் கிர்பியின் கணக்கு

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு சூப்பர்ஹீரோ காமிக்ஸ்தான் வரைவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்; அவனுக்குத் திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். திறமை பற்றிய கவலை அப்புறம். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியை மிஞ்சிய திறமைசாலி அந்தத் தொழிலில் அரிது. அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி வேறு: வரைந்த பக்கம் யாருக்குச் சொந்தம்?

1917-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். ஃப்ளைஷர் ஸ்டூடியோவில் பாப்பாய் கார்ட்டூனுக்கு இடைப்படங்கள் (ஓர் அசைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வரும் படங்கள்) வரைந்துதான் கை பழகியது. 1941-இல் கூட்டாளி ஜோ சைமனோடு சேர்ந்து 'கேப்டன் அமெரிக்கா'வைக் கொண்டுவந்தார். லாபத்தில் பங்கு என்று பதிப்பாளரோடு பேச்சு. அது ஒழுங்காக வரவில்லை என்று கருதி அந்த ஆண்டே இருவரும் வெளியேறினார்கள். 1947-இல் 'யங் ரொமான்ஸ்' என்ற காதல் காமிக்ஸ் இதழுக்கு லாபத்தில் பாதி என்று பேசி ஒப்பந்தம் போட்டார்கள். இதழ் அமோகமாக விற்றது. நல்ல வருமானமும் வந்தது.

1954-இல் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் காமிக்ஸ் பற்றிய அமெரிக்க செனட் விசாரணையும் காமிக்ஸ் தணிக்கை விதிகளும் வந்து தொழிலையே சாய்த்தன. கிர்பி மறுபடி பக்கக் கூலிக்குத் திரும்பினார். 1960-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பக்கத்தை ஒட்டி வரைந்தார். மார்வெல் பதிப்பகத்தில் ஆசிரியரும் எழுத்தாளருமான ஸ்டான் லீயோடு கதைக்கருவைப் பேசுவார். கட்டம் கட்டமாகக் கதையை நகர்த்தி வரைவது கிர்பி. வசனம் அதற்குப் பிறகு வரும். கதையில் பாதி வேலை ஓவியரின் பென்சிலில் நடந்தும், கூலி படத்துக்கு மட்டும்தான். ராயல்டியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. மூலப் பக்கங்களைத் திரும்பக் கேட்டபோது மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட நீளமான உரிமைத்துறப்புப் பத்திரத்தை நீட்டினார்கள். 1987-இல் கைக்கு வந்தவை சுமார் 2,000 பக்கங்கள். வரைந்தவை அதைப்போலப் பல மடங்கு. 1994-இல் அவர் இறந்து 20 ஆண்டு கழித்து, 2014-இல்தான் உரிமை வழக்கில் குடும்பத்துக்கும் மார்வெலுக்கும் சமரசம் ஏற்பட்டது. இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைத் தடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் தாளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), 1957-இல் இரண்டு பிரிவுகள் போதும். 17-ஆம் பிரிவின்படி, சம்பள வேலையில் இருந்துகொண்டு அந்த வேலைக்காக வரைந்தது, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். 19-ஆம் பிரிவின்படி உரிமையை எழுதித்தான் மாற்றிக்கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். அதனால் 'எல்லா உரிமையும், எக்காலத்துக்கும், உலகம் முழுவதும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், பக்கக் கூலி அதற்கு ஈடாகுமா என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். மூலப் பக்கம் யாரிடம் இருக்கும் என்பதற்கும் தனியாக ஒரு வரி வேண்டும்.

இனி அவனைச் சோதிக்கும் வழி. ஏழு நாளில் ஐந்து பக்கத்தில் ஒரு முழுக்கதையை வரையச் சொல்லுங்கள். ஏ3 கெட்டித்தாளில் 10 அங்குல அகலம், 15 அங்குல உயரத்துக்குச் சட்டம் போடட்டும். அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் 1960-களின் கடைசியிலிருந்து வரைந்துவரும் அளவு அதுதான். மை போட்டதும் ஏ4-க்குச் சுருக்கி ஜெராக்ஸ் எடுங்கள். காமிக்ஸ் புத்தகம் அதைவிடவும் சிறியது. எனவே அதிலேயே நெருக்கக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கறுப்புத் திட்டாகிவிட்டால், அச்சில் நிச்சயம் திட்டுதான்.

புதியவர்கள் அதிகம் தவறுவது வசனக் குமிழில். தலை கட்டத்தின் மேல்விளிம்பைத் தொடும்படி வரைந்துவிடுவார்கள். பிறகு குமிழ் முகத்தின் மேல்தான் விழும். கட்டத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்க வேண்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும்.

வாய்ப்புத் தேடிப் போகும்போது தசை முறுக்கி நிற்கும் தனிப்படங்களைக் கொண்டுபோனால் எடுபடாது. தொடர்ச்சியான ஆறு முதல் எட்டுப் பக்கங்கள் வேண்டும். அவற்றில் ஒரு தெரு, ஒரு சமையலறை, கூட்டம், கைகள், உட்கார்ந்து பேசும் இரண்டு பேர் இருக்கட்டும். பறக்கும் வீரனைவிட அந்த இரண்டு பேரை வரைவது கடினம்.

படிப்புக்கு எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலைப் பட்டம்) நல்ல வழி; சேர்க்கையில் செய்முறைத் தேர்வு உண்டு என்பதால் இப்போதே பயிற்சியைத் தொடங்கட்டும். கூடவே ஸ்டோரிபோர்டு, அதாவது படத்தின் காட்சிகளைக் கட்டம் கட்டமாக முன்கூட்டியே வரைவது, கற்பது அவசியம். கிர்பிக்கு 60 வயதுக்குப் பிறகு காமிக்ஸைவிட நல்ல சம்பளமும் மருத்துவக் காப்பீடும் கிடைத்தது தொலைக்காட்சி கார்ட்டூன் ஸ்டூடியோக்களில்தான். கட்டம் பிரித்துக் கதை சொல்லத் தெரிந்தவருக்கு அந்த வேலை பயிற்சியில் பிடிபடும்.